லேண்ட்லைன் கரகரப்பு: தூத்துக்குடி வீட்டில் ஒயர் ஒயராகத் தேடிய கதை

அம்மா வீடு தூத்துக்குடியில். கடல் பக்கம் என்பதால் ஜன்னல் கம்பி, கேட் கீல், மின்விசிறித் திருகு என்று உப்புக் காற்று விட்டுவைத்தது எதுவுமில்லை. செல்போன் சிக்னல் கூடத்திலேயே தடுமாறும், சமையலறையில் சுத்தமாக இருக்காது. அதனால் அந்த வீட்டில் லேண்ட்லைன் அலங்காரத்துக்கு இல்லை, தினமும் பேசுகிற சாமான். அதுதான் சில மாதங்களாகப் படுத்த ஆரம்பித்திருந்தது. பேச்சுக்கு நடுவே கரகரவென்று இரைச்சல், அடியில் விடாத ஒரு உறுமல். அது போதாதென்று மதுரையில் இருக்கும் பெரியம்மா, "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குடி, சத்தமாப் பேசு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அம்மா புதுப் போன் வாங்கலாம் என்றார். வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு தொல்லைதான் தீர்ந்திருக்கும். கரகரப்பு, உறுமல், குரல் சன்னமாகப் போவது மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தன. லேண்ட்லைனில் சத்தம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே கோளாறு எங்கே இருக்கிறது என்று பாதி சொல்லிவிடும். மீதிப் பாதிக்கு ஒரு மல்டிமீட்டரும் திருப்புளியும் போதும்.

முதலில் காது. டயல் டோன் ஓடிக்கொண்டிருக்கும்போது இரைச்சலைக் கவனிக்க முடியாது. ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அடுத்த எண்ணுக்காக எக்ஸ்சேஞ்ச் சில நொடிகள் காத்திருக்கும். அந்த அமைதியில் கேட்பதெல்லாம் லைனின் சொந்தச் சத்தம். நல்ல லைனில் மிக மெல்லிய ‘ஸ்ஸ்’ தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. எங்கள் லைனில் உறுமல் ஒரே சீராக இருந்தது, கரகரப்பு விட்டு விட்டு வந்தது. சீராக இருப்பது பெரும்பாலும் கரண்ட் லைனிலிருந்து ஏறும் தூண்டல், விட்டு விட்டு வருவது பெரும்பாலும் ஒரு தளர்ந்த இணைப்பு அல்லது ஈரம். அந்த நேரத்தில் ரிசீவரின் சுருள் ஒயரை இரு முனையிலும் லேசாக வளைத்துப் பார்த்தேன், ரிசீவரை வைக்கும் இடத்துக் குமிழைத் தட்டிப் பார்த்தேன். கரகரப்பு மாறவில்லை. மாறியிருந்தால் சுருள் ஒயரோ ஹூக் சுவிட்சோதான் காரணம், அதோடு வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது பிரித்துப் பார்ப்பது. வெளியிலிருந்து வரும் டிராப் வயர் வீட்டுக்குள் நுழைந்ததும் ரோசெட் பெட்டியில் முடியும். அங்கிருந்துதான் வீட்டுக்குள் ஒயர்கள் கிளை பிரிகின்றன. ரோசெட்டில் உள்பக்க ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, வெளி ஒயரில் ஒரே ஒரு போனை மட்டும் மாட்டிக் கேட்டால் போதும். இரைச்சல் போய்விட்டால் கோளாறு வீட்டுக்குள், இருந்தால் வெளியே. இதைச் செய்யாமல் புகார் கொடுத்தால், லைன்மேன் வந்து இதைத்தான் முதலில் செய்வார்.

கை வைக்கும் முன் ஒன்று. ரிசீவர் அதன் இடத்தில் வைத்திருக்கும்போது அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். உலர்ந்த கையில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் மணியடிக்க 75 வோல்ட் ஏசி அதன் மேல் ஏறி வரும், அது நன்றாகவே சுண்டும். இன்னொரு போனின் ரிசீவரை எடுத்துத் தனியே வைத்துவிட்டால் லைன் பிஸி ஆகிவிடும், மணி வராது. இடி மின்னல் இருக்கும் அன்று இந்த வேலையே வேண்டாம்.

ரோசெட்டைத் திறந்ததும் உள்ளே இரண்டு திருகு. ஒன்று மங்கலாக இருந்தாலும் நல்ல நிலையில், மற்றது முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரே பெட்டி, ஒரே காற்று, ஆனால் ஒன்று மட்டும் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ஈரம் படிந்தால் இரண்டு திருகுக்கும் நடுவே 48 வோல்ட் வேலை செய்கிறது, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு மெல்லக் கரைகிறது. இதே சங்கதியால்தான் எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்து, லைனை மைனஸ் 48 வோல்ட்டில் வைத்திருக்கிறார்கள். லைன் நிலத்தைவிட நெகட்டிவாக இருந்தால் மண்ணுக்குள் போகும் கேபிளின் செம்பு கரையாது. ஆனால் ரோசெட்டுக்குள் இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடலோர வீடுகளில் ரோசெட்டைத் திறந்தால் பெரும்பாலும் இந்தக் காட்சிதான். உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், திருகின் மரையே அரித்துப் போயிருந்தது. புது ரோசெட் வாங்கி மாட்டினேன், கூடுதலாக ஒயர் முனையை அரை அங்குலம் வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும்படி சீவி முறுக்கினேன்.

இப்போது வெளி ஒயரில் ஒரு போன் மட்டும். உறுமல் மாயம்! கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஆக உறுமல் வீட்டுக்குள், கரகரப்பு வெளியே.

உறுமலைத் தேடுவது சுவாரசியமான வேலை. வீட்டுக்குள் மூன்று கிளை: கூடத்துப் போன், சமையலறைப் போன், அப்பா காலத்தில் மாடிக்கு இழுத்த ஒரு எக்ஸ்டென்ஷன். மாடியில் இப்போது போனே இல்லை, ஒயர் மட்டும் சுவரில் ஒரு பெட்டியில் முடிகிறது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் மாடி ஒயரை இணைத்ததும் உறுமல் வந்தது. போனே இல்லாத கிளை எப்படிச் சத்தம் போடும்?

போன் லைனின் இரண்டு ஒயரும் பக்கத்தில் போகும் கரண்டிலிருந்து தூண்டலை வாங்கத்தான் செய்யும். ஆனால் இரண்டும் ஒரே அளவு வாங்கினால் போனுக்கு ஒன்றும் கேட்காது, ஏனென்றால் போன் கேட்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்குவது இதற்காகத்தான், கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்தச் சமநிலை கெட்டால்தான் வம்பு. ஒரு ஒயர் மட்டும் எங்காவது ஈரச் சுவர் வழியாக எர்த்துக்குக் கசிந்தால், தூண்டல் இரண்டிலும் சமமாக இராது, மிச்சம் காதில் உறுமும். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் நேரடியாகப் போனில் அவ்வளவு கேட்காது, லைன் கடத்துவது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். நாம் கேட்பது அதன் மடங்குகளை.

மாடி ஒயரை இரு முனையிலும் தனியாக விட்டு, மல்டிமீட்டரை மெகா ஓமில் வைத்து இரு ஒயருக்கும் நடுவே அளந்தேன். எந்த இணைப்பும் இல்லாத ஒயரில் மீட்டர் எல்லை தாண்டிப் போக வேண்டும். எனக்கு 60 கிலோ ஓம் பக்கத்தில் காட்டி ஆடியது. 48 வோல்ட்டில் இது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவு. ரிசீவரை எடுத்ததாக எக்ஸ்சேஞ்ச் நினைக்குமளவுக்கு இல்லை, அதனால் லைன் சாகவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஒரு ஒயரிலிருந்து எர்த்துக்கு அளந்தபோதும் கசிவு தெரிந்தது, மற்ற ஒயரில் இல்லை.

ஒயரை இழுத்துப் பார்த்ததும் மிச்சமும் புரிந்தது. முறுக்காத தட்டை இரட்டை ஒயர், மின்விசிறிக்குப் போகும் 230 வோல்ட் ஒயரோடு ஒரே பிவிசி பைப்பில் போகிறது. வீடு கட்டும்போது எலக்ட்ரீசியன்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம், ஏற்கனவே பைப் இருக்கிறதே, அதிலேயே விட்டுவிடலாம் என்று. உறுமல் இருக்கட்டும், என்றாவது இன்சுலேஷன் உரிந்து கரண்ட் போன் லைனில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. மாடி ஒயரை ரோசெட்டிலிருந்து நிரந்தரமாகக் கழற்றிவிட்டேன். எப்போதாவது மாடிக்குப் போன் வேண்டும் என்றால் கணினி நெட்வொர்க்குக்குப் போடும் கேட் ஃபைவ் ஒயரில் ஒரு ஜோடியைத் தனிப் பாதையில் இழுப்பேன். முறுக்கிய ஜோடி, செம்பு, விலையும் அதிகமில்லை.

அதே தேடலில் இன்னொரு வேண்டாத விருந்தாளியும் கிடைத்தது. ஒரு காலத்தில் இந்த லைனில் பிராட்பேண்ட் இருந்தது, பிறகு இணையத்தைக் கேபிள்காரரின் ஃபைபருக்கு மாற்றியாயிற்று, ஆனால் ஸ்பிளிட்டர் பெட்டி மட்டும் கூடத்துப் போனுக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்தேன். லைனில் இன்னும் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் இதைச் செய்துவிடக் கூடாது. பிராட்பேண்ட் சிக்னல் 25 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது, குரல் அதற்கு வெகு கீழே. இரண்டையும் பிரித்துக் கொடுப்பது ஸ்பிளிட்டர்தான். அது இல்லாத எக்ஸ்டென்ஷனில் போனை மாட்டினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வரும், போன் எடுக்கும்போதெல்லாம் இணையமும் விழும். ஒரு போனுக்கு ஸ்பிளிட்டர் இருந்து இன்னொன்றுக்கு இல்லாத வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி கரகரப்பு. இது வெளியே என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் புகார் கொடுக்கும் முன் இன்னும் கொஞ்சம் கேட்டு வைத்தேன். ஒரு விசித்திரம்: நாம் கூப்பிட்டால் கரகரக்கும், பெரியம்மா கூப்பிட்டால் முதல் சில நிமிடம் படு சுத்தமாக இருக்கும், அப்புறம் மெல்ல ஆரம்பிக்கும். அம்மா இதைப் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "அக்கா கூப்பிட்டா நல்லாருக்கு, நான் கூப்பிட்டாத்தான் பேய் அலறுது" என்று. பேய் இல்லை, ஆக்சைடு. செம்பு இணைப்பில் படிந்த ஆக்சைடு படலம் மின்சாரத்தைத் தடுக்கும். மணி வரும்போது ஏறும் 75 வோல்ட் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும், கொஞ்ச நேரம் நல்ல தொடர்பு இருக்கும், பிறகு படலம் மறுபடி தலை தூக்கும். மணியடித்த பிறகு மட்டும் லைன் தெளிகிறது என்றால், எங்கோ ஒரு இணைப்பு அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

உறுதிப்படுத்த மில்லி ஆம்பியரில் மீட்டரை லைனோடு தொடராக மாட்டி ரிசீவரை எடுத்தேன். 21-க்கும் 25-க்கும் நடுவே எண் துள்ளிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு துள்ளலுக்கும் காதில் ஒரு ‘கர்’. நல்ல லைனில் இந்த எண் நின்ற இடத்தில் நிற்கும்.

198-ல் புகார் பதிந்தேன். வந்த லைன்மேன் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், இந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் மீட்டர் அளவுகளைச் சொன்னதும் சிரித்தார். "தம்பி, மழைக்கு இரைஞ்சா தண்ணி. வெயிலுக்கு இரைஞ்சா ஜாயிண்ட். உங்களுக்கு எப்ப இரையுது?"

"மத்தியானந்தாண்ணே ஜாஸ்தி."

"அப்ப ஜாயிண்ட்தான்" என்றபடி சன்ஷேடுக்குக் கீழே ஏணி போட்டார். வெயிலில் உலோகம் விரிந்து தளர்ந்த இணைப்பு இன்னும் விலகும், ஈரமோ மழையில் மட்டும் கசியும். இத்தனை நாள் படித்ததில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சன்ஷேடு அடியில், தெருக் கம்பத்தின் டிபி பெட்டியிலிருந்து (கேபிள் ஜோடிகள் வீடுகளுக்குப் பிரியும் பெட்டி) வரும் டிராப் வயரை எப்போதோ கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை வெயிலில் உருகிப் பிசுபிசுத்துக் கிடந்தது, உள்ளே செம்பு முழுக்கக் களிம்பு. அவர் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஜெல் நிரப்பிய யூஒய் கனெக்டர் இரண்டை எடுத்தார். ஒயரின் தோலை உரிக்கவே வேண்டாம், உள்ளே செருகி இடுக்கியால் அழுத்தினால் அதுவே இன்சுலேஷனைக் கிழித்துச் செம்பைக் கவ்வும், ஜெல் சுற்றிலும் பரவிக் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். பட்டாணி அளவுதான் இருக்கும், ஆனால் கடலோரத்தில் டேப் சுற்றிய முறுக்கைவிடப் பல மடங்கு தாங்கும். பிறகு டிபி பெட்டியையும் திறந்தார். உள்ளே எறும்புப் புற்று. அதைத் தட்டிவிட்டு எங்கள் ஜோடியின் முனைகளையும் புதிதாகச் சீவி இறுக்கினார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே தன் டெஸ்ட் போனை என் காதில் வைத்தார். மறுபடி மீட்டரை மாட்டினேன்: 27, அசையவில்லை.

மிச்சமிருந்தது கிணற்றுக் குரல். லைன் சுத்தமான பிறகும் பெரியம்மா அதையே சொன்னார். ஆக போன்தான். ரிசீவரில் வாய் வைக்கும் இடத்தில் ஊதினால் நம் காதிலேயே அந்த ஊதல் லேசாகக் கேட்க வேண்டும். இதைப் போனுக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைத்திருப்பார்கள். அது அறவே இல்லாவிட்டால் போன் செத்துவிட்டது போலத் தோன்றும், அதிகமானால் நாம் தானாகவே குரலைத் தாழ்த்திவிடுவோம். கூடத்துப் போனில் அது மிக மெலிசாக இருந்தது. சமையலறைப் போனின் ரிசீவரைக் கழற்றி இங்கே மாட்டினேன், ஊதல் தெளிவாகக் கேட்டது. அடிப்பாகம் நல்லது, ரிசீவருக்குள் இருக்கும் மைக்தான் குற்றவாளி.

பழைய கறுப்பு டயல் போன்களில் இந்தத் தொல்லை வேறு மாதிரி இருக்கும். அவற்றின் மைக்கில் கரித் துகள்கள், அவை ஈரத்தில் கட்டிப் போனால் குரல் மங்கும். அப்பா பேச ஆரம்பிக்கும் முன் ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவார். அது மனப்பிரமை இல்லை, துகள்களை உதிர்த்துவிடும் சரியான வைத்தியம். இப்போதைய போன்களில் இருப்பது எலக்ட்ரெட் மைக், ஒரு சட்டைப் பட்டன் அளவு. இதைத் தட்டிப் பயனில்லை.

ரிசீவரைத் திறக்கும் திருகு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான், சில மாடல்களில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். திறந்தால் மைக் துளையில் முகப்பவுடரும் தூசியும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. அம்மா ரிசீவரைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கீரை ஆய்வார், வேறென்ன ஆகும்! ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துளையைச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் தேறியது, முழுக்க இல்லை. மைக்கின் முனைகளில் ஒன்றரை வோல்ட் பக்கம் வந்துகொண்டிருந்தது, ஆக மின்சாரம் போகிறது, மைக்தான் அடங்கிவிட்டது. மின்னணுக் கடைகளில் இது சில ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்.

மாற்றும்போது இரண்டு விஷயம் முக்கியம். எலக்ட்ரெட்டுக்குத் திசை உண்டு. பின்பக்கம் பார்த்தால் ஒரு முனையிலிருந்து சிறு கோடு உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும், அது நெகட்டிவ். மாற்றிப் பற்றவைத்தால் ஒன்றும் கேட்காது. அடுத்தது சூடு: சால்டரிங் அயர்னை அதன் மேல் அதிக நேரம் வைத்தால் மைக் அங்கேயே செத்துவிடும், ஈயம் உருகியதும் கையை எடுத்துவிட வேண்டும். பழைய மைக்கைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் காதுப் பக்கத்து ஒலி ரிசீவரின் வயிறு வழியாகவே மைக்குக்குள் போய், எதிர்முனைக்காரருக்கு அவர் குரலே எதிரொலிக்கும், சில சமயம் ஊளையிடும்.

மூடிவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டோம். "இப்ப ஏண்டி கத்துற?" என்றார்.

ஃபைபர் வழியாகவே லேண்ட்லைன் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே டிராப் வயர், டிபி, களிம்பு எதுவும் இல்லை, குரல் வீட்டிலுள்ள மோடம் பெட்டி வரை டிஜிட்டலாக வந்து அங்கேதான் பழைய மாதிரி சிக்னலாக மாறுகிறது. குரல் வெட்டி வெட்டி வந்தால் அது இணையத்தின் தொல்லை, ஒயரைத் தோண்டிப் பயனில்லை. உறுமல் வந்தால் மட்டும் பெட்டியின் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், மலிவு அடாப்டர்கள் கெடும்போது இப்படித்தான் இரையும். அந்தப் பெட்டியின் போன் முனையைப் பழைய வீட்டு ஒயரிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால், மாடி ஒயர் கதை அங்கேயும் நடக்கலாம்.

எங்கள் லைனில் இன்னும் ஒன்று பாக்கி. சாயங்காலம் சில நேரம், எண்ணை அழுத்திய அமைதியில், யாரோ இருவர் பேசுவது வெகு மெலிதாகக் கேட்கிறது. வார்த்தை புரிவதில்லை. அது டிபிக்கும் பில்லருக்கும் (தெருவோரத்துப் பெரிய இணைப்புப் பெட்டி) நடுவே உள்ள கேபிளில் ஜோடிகள் ஒன்றோடொன்று கசிவது. லைன்மேன் அண்ணனிடம் சொன்னேன், கேபிளில் நல்ல ஜோடி காலியாகும்போது மாற்றித் தருவதாகச் சொன்னார். அதுவரை புதிய புகார் எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.